வேன் எடுத்துக்கொண்டு கைலாசகோனைக்குப் போகிறவர்களுக்கு

வட சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை என்றால் இரவு ரயிலும் ஸ்வெட்டரும்தான் நினைவுக்கு வரும். தண்டையார்பேட்டையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் பாறையும் அருவியும் கோயிலும் ஒன்றாகச் சேர்ந்த மலைப் பள்ளங்கள் வரிசையாக இருக்கின்றன என்று எங்கள் தெருவில் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மீதிப் பேருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவர்கள் அதைப் பாட்டிலோடு போகிற இடமாக மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு போகலாமா என்று கேட்டால், "அங்கேயா? உங்களுக்கு எதற்கு?" என்கிறார்கள்.

எங்கள் நைனா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மழை விட்டு வானம் கழுவிவிட்டாற்போல இருக்கும் காலைகளில், படகில் சற்று வெளியே போய் வடமேற்கே பார்த்தால் நகரி மலை தெரியும் என்பார். சின்ன வயதில் அதை நாங்கள் கதை என்றே நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, 'நகரி மூக்கு' என்று பெயர் பெற்ற அந்த முகடு சுமார் 2,800 அடி உயரம் என்பதும், வெள்ளைக்காரர் காலத்து மாலுமிகள் மதராஸ் கரையை நெருங்கும்போது அதை அடையாளமாக வைத்துக்கொண்டார்கள் என்பதும். கடலில் இருந்து பார்க்கக் கொடுத்துவைத்த மலை, ஊருக்குள் இருக்கும் நமக்கு மாடிவீடுகளால் மறைந்து போயிற்று.

ஆந்திராப் பக்கம் நீளும் அந்த மலைத்தொடரின் மடிப்புகளில் ஓடை விழுந்து அறுத்த பள்ளங்களைத்தான் அந்தப் பக்கத்தில் 'கோனை' என்கிறார்கள். தெலுங்கில் கோனா. கைலாசகோனை, சதாசிவகோனை, சிங்கிரிகோனை, திருப்பதிக்கு அப்பால் பெரிய தலகோனை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு தெய்வம் உட்கார்ந்திருக்கிறது. கைக்குழந்தையும் முட்டிவலிக்காரர்களும் உள்ள குடும்பத்துக்கு இவற்றில் எது என்று கேட்டால் நான் தயங்காமல் கைலாசகோனை என்பேன். தடா அருவி என்று நம் பிள்ளைகள் சொல்லும் உப்பலமடுகு, அழகில் ஒரு படி மேல். ஆனால் பாறை பாறையாகத் தாவி வெகுதூரம் உள்ளே போகவேண்டும். அங்கே ஆழம் தெரியாத மடுக்களில் உயிர்விட்ட சென்னைப் பிள்ளைகள் பலர். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஆரை கிராமத்திலிருந்து தொடங்கும் மலைநடையும் அதே வகைதான். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் அங்கே கால் வைக்கக்கூடாது. தலகோனை அருவி 270 அடி, பார்க்கவேண்டியதுதான். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பினால் வண்டியில் உட்கார்ந்ததுதான் மிச்சம். கைலாசகோனையில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரப் படிகளில் அருவி வந்துவிடும். அருவியை ஒட்டியே சிவன் கோயில். கோடையிலும் நூலாகவாவது தண்ணீர் விழும்.

போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதவரத்திலிருந்து ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை. அங்கே தமிழ்நாடு முடிகிறது. எல்லையைத் தாண்டினால் சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், பிச்சாட்டூர். அதற்குப் பிறகு நாராயணவனம் வருவதற்கு முன் வலப்பக்கம் கைலாசகோனைக்குப் பிரியும். இதெல்லாம் முன்பு சித்தூர் மாவட்டம்; 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு மாதவரம் பஸ் நிலையம் வந்தது பெரிய உபகாரம். 2018இல் அது திறந்த பிறகு ஆந்திரா பஸ் பிடிக்கக் கோயம்பேட்டுக்கு மல்லுக்கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனால் திருப்பதி என்று பலகை போட்ட எல்லா பஸ்ஸும் இந்த வழியில் போகாது. சில திருத்தணி பக்கம் போய்விடும். "ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியா?" என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். இறங்கும் இடத்திலிருந்து கோனைக்கு ஆட்டோ கிடைக்கும். திரும்பி வருவதற்கும் அப்போதே பேசிவைத்துக்கொள்வது நல்லது. ரயிலில் போக விரும்புகிறவர்கள் சென்ட்ரலில் ஏறிப் புத்தூரில் இறங்கலாம்.

நாங்கள் போவது வேனில்தான். அத்தை, அண்ணி, பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்று சேர்ந்துவிட்டால் பஸ் சரிப்படாது. வாடகை வேன் என்றால் ஆந்திராவுக்குள் போக வண்டிக்குப் பர்மிட்டும் வரியும் சரியாக இருக்க வேண்டும். இதை வாடகை பேசும்போதே கேட்டு, தொகைக்குள் அடங்கியதா வெளியேயா என்று எழுதி வாங்கிவிடுங்கள். ஒருமுறை எல்லையில் வண்டியை ஓரங்கட்டிய பிறகு, "அது பார்ட்டிதான் கொடுக்கணும் அக்கா" என்றார் டிரைவர். வண்டி அனுப்பியவரோ போனை எடுக்கவில்லை. பிள்ளைகள் பசியில் அழ, நாங்கள் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தோம். அதிலிருந்து பர்மிட் தாளைக் கண்ணால் பார்க்காமல் நான் வண்டியில் ஏறுவதில்லை.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். எந்த வரிசையில் போவது என்பதில்தான் எங்கள் வீட்டில் வழக்கமாகச் சண்டை. வழியெல்லாம் கோயில். பெரியபாளையத்தில் பவானி அம்மன், சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட ஈஸ்வரர், நாகலாபுரத்தில் வேதநாராயணர். வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக் கும்பிட்டுக்கொண்டே போகவேண்டும் என்பார்கள். அப்படிப் போனால் அருவிக்குச் சேரும்போது உச்சிவெயில் ஏறியிருக்கும், கூட்டமும் ஏறியிருக்கும். நான் கட்சி மாறாமல் சொல்வது ஒன்றுதான்: விடியுமுன் கிளம்பி, எங்கேயும் நிற்காமல் நேரே அருவிக்குப் போங்கள். கோயில்களைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் நடை சாத்தும் கோயில்கள் மாலையில் எப்படியும் திறக்கும். அருவியில் காலை எட்டு மணிக்கு இருக்கும் அமைதி பதினோரு மணிக்கு இருக்காது.

"சாமி கும்பிடாமல் குளிக்கப் போவதா?" என்றார் அத்தை.

"குளித்துவிட்டுத்தானே அத்தை சாமி கும்பிடவேண்டும்?" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பெரியபாளையம் தாண்டும்வரை பேசவில்லை. ஆனால் வண்டியை நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கோனைக்குள் நுழையும் இடத்தில் டிக்கெட் வாங்கவேண்டும். வண்டிக்குத் தனி. சில்லறையாக ரொக்கம் வைத்திருங்கள். மலையடிவாரத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது. அங்கிருந்தே குரங்குகளின் ஆட்சி தொடங்கிவிடும். அவற்றுக்குப் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு போதும். எங்கள் அண்ணியின் தோள்பையில் ஒன்று தொங்கிக்கொண்டு, ஜிப்பின் பிடியை இரண்டு விரலால் பிடித்து, அவசரமே இல்லாமல் இழுத்துத் திறந்ததை நான் கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். உள்ளே இருந்த பவுடர் டப்பாவை முகர்ந்து பார்த்துக் கீழே போட்டது, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டது. துணிப் பையை மடியோடு கட்டிக்கொள்வது ஒன்றே வழி. சாப்பாட்டு மூட்டை வேனிலேயே இருக்கட்டும், கண்ணாடி முழுக்க ஏற்றியபடி.

படிகள் எப்போதும் ஈரம். முட்டிவலிக்காரர்கள் வெறுங்காலோடு, கைப்பிடிச் சுவர்ப் பக்கமாக, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கட்டும். ரப்பர் செருப்பைப் போல் அங்கே துரோகி கிடையாது. பச்சையாகத் தெரிகிற பாசியில் யாரும் கால் வைப்பதில்லை. ஏமாற்றுவது கறுப்பாக, காய்ந்ததுபோல் மினுங்கும் பாறைதான். அதில் அணில்கூட வழுக்கும்.

பாறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. நகரி மலையின் பாறை குவார்ட்சைட் என்னும் வகை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் படிந்த மணல், மேலே ஏறிய பாரத்தில் இறுகிக் கல்லாகிவிட்டது. கோயிலுக்குப் போகும் வழியில் பக்கவாட்டுப் பாறையைத் தடவிப் பார்த்தால், சில பலகைகளில் வரிவரியாக மேடும் பள்ளமும் விரலில் தட்டும். காசிமேட்டுக் கரையில் அலை இறங்கிய பிறகு மணலில் நிற்குமே, அதே வரிகள். என் மகன் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, "அம்மா, இங்கே கடல் இருந்ததா?" என்று கேட்டான். ஆழமில்லாத நீர் இருந்தது என்று சொன்னேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்தக் கல்லை விட்டு நகர மனமில்லை. இந்தப் பாறை எளிதில் கரையாது, செங்குத்தாகப் பிளக்கும். பள்ளத்தின் இரு பக்கமும் சுவர் எழுப்பியதுபோல் நிற்பதும், பிளவுகளில் இறங்கிய மழைநீர் மெல்ல மெல்ல வெளியே கசிந்து மழையில்லாத மாதங்களிலும் அருவியை ஓடவைப்பதும் அதனால்தான்.

குளிப்பது பற்றி. உயரம் பெரிதில்லை, தண்ணீரின் அடி தோளில் இதமாக விழும். ஆனால் நல்ல மழைக்கு மறுநாள் போனால் விழும் தண்ணீருக்கு நேர் கீழே தலையைக் கொடுக்காதீர்கள். மேலிருந்து கூழாங்கற்களும் உருண்டு வரும். ஓரமாக நின்றாலே போதிய தண்ணீர் கிடைக்கும். தேங்கி நிற்கும் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தால் பொடிமீன்கள் வந்து பாதத்தைக் கொத்தும். எங்கள் பெரியம்மா, மீன் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவர், அதற்குப் போய் கூச்சலிட்டு ஊரைக் கூட்டினார்.

பெண்களுக்குச் சில வார்த்தைகள். உடை மாற்றும் இடம் இருந்தாலும் கதவும் தாழ்ப்பாளும் எப்படி இருக்குமோ, அதை நம்பிப் போகவேண்டாம். பழைய புடவை இரண்டு எடுத்துப் போங்கள். வேனின் பின்கதவைத் திறந்து இரண்டு பக்கமும் புடவையைக் கட்டினால் அருமையான அறை. நைட்டியோடு குளிக்க இறங்காதீர்கள். தண்ணீர் ஏறினால் காலைச் சுற்றிக்கொள்ளும். சுடிதார் மேல். ஞாயிற்றுக்கிழமையும் காணும் பொங்கலும் போகவே போகாதீர்கள். குடித்துவிட்டு வரும் கூட்டத்தின் நடுவே பெண்பிள்ளைகளைக் குளிக்க விடும் தைரியம் எனக்கில்லை. அதை வளர்த்துக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. செவ்வாய், புதன் என்றால் அருவி உங்களுக்கே உங்களுக்கு. பள்ளிக்கு ஒரு நாள் லீவு போட்டால் குடி முழுகிப்போகாது.

பள்ளங்களில் ஆபத்து மேலிருந்து வரும். மலைமேல் பெய்த மழை கீழே வெயிலில் நின்று குளிப்பவருக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீர் திடீரென்று டீ நிறத்துக்கு மாறினாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்தாற்போல் மிதந்து வந்தாலோ, அருவியின் சத்தம் கனத்துக் கேட்டாலோ, சோப்பு முகத்தோடு இருந்தாலும் மேட்டில் ஏறிவிட வேண்டும். சோப்பு என்றேன்; அதையும் ஷாம்பூவையும் வண்டியிலேயே விட்டுவிடுங்கள். இந்த மலைகளில் விழுவதெல்லாம் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? ஆரணியாறு இந்தப் பக்கத்து மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தேங்கி, ஊத்துக்கோட்டையையும் பெரியபாளையத்தையும் தொட்டுக்கொண்டு பழவேற்காட்டில் கடலில் சேருகிறது. நகரியாறு கொசஸ்தலையாற்றில் கலந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வருகிறது. ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழையும் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். 1983இல் போட்ட ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 12 டிஎம்சி கிருஷ்ணா நீர் சென்னைக்கு வரவேண்டும். கண்டலேறு அணையிலிருந்து அந்தக் கால்வாய் வழியாகப் பூண்டிக்கு வந்து, அங்கிருந்துதான் நமக்குப் பிரிகிறது. தண்ணீர் லாரிக்கு வரிசையில் குடம் வைத்த எங்களுக்கு அந்தக் கால்வாயைக் கடக்கும்போது வண்டியை மெதுவாகப் போகச் சொல்லத் தோன்றும்.

குளித்த பிறகு அருவியை ஒட்டிய கோயிலில் ஈரத் தலையோடு ஒரு கும்பிடு. அத்தைக்கு அப்போதே பாதிக் கோபம் இறங்கிவிட்டது. கோயிலுக்கு மேலே பாறைகளுக்கிடையே ஏறிப் போகும் தடம் ஒன்று இருக்கிறது. வாலிபப் பிள்ளைகளுக்கு அதைப் பார்த்ததும் கால் அரிக்கும். காய்ந்த நாளில், ஷூ போட்டுக்கொண்டு, கடைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு போகலாம். மதியம் மூன்று மணிக்கு மேல் வேண்டாம். மலை மறைப்பதால் பள்ளத்தில் சீக்கிரமே இருட்டிவிடும். விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பவனை அங்கேயே காதைப் பிடித்து இழுத்து வரும் உரிமை கூடப்போகும் பெரியவர்களுக்கு உண்டு என்பது என் கருத்து.

எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் கீழ்ப்படியில் வழுக்கி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "புத்தூர் பக்கத்தில்தானே இருக்கிறோம்!" சென்னையில் தெருவுக்குத் தெரு பலகை தொங்கும் புத்தூர் கட்டு பிறந்த ஊர் அது. புத்தூரை ஒட்டிய கிராமத்துக்கு இன்றும் கை கால் முறிந்தவர்கள் பல மாநிலங்களிலிருந்து வருகிறார்கள். நான் மட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எதுவும் என்று பிடிவாதமாக நின்றேன். முதலில் முறிவா சுளுக்கா என்று தெரியட்டும். யாரும் அங்கேயே பிடித்து இழுத்துவிட வேண்டாம். ஒரு முழ மரப்பட்டையும் துண்டும் இருந்தால் கையை அசையாமல் கட்டி, கழுத்தில் தொங்கவிட்டு அழைத்துப் போகலாம். அது சுளுக்குத்தான் என்று பிறகு தெரிந்தது. அவன் அன்று முழுவதும் பஜ்ஜியை மற்றவர்கள் ஊட்டிவிடச் செய்து சாப்பிட்டான்.

சாப்பாடு வீட்டிலிருந்து போவதே உத்தமம். புளியோதரை, தயிர்சாதம், மோர்மிளகாய், வறுத்த வடகம். அங்கே கடைகள் உண்டு. வாரநாட்களில் எவை திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கடைக்காரர்களில் பலர் தமிழ் பேசுவார்கள். "அக்கா, சூடா டீ" என்றால் புரியும். "ரெண்டு டீ இவ்வண்டி" என்று நாம் தெலுங்கில் முயன்றால் இன்னும் சந்தோஷமாகப் போட்டுத் தருவார்கள். இலையையும் மிச்சத்தையும் ஒரு கோணிப்பையில் போட்டு ஊருக்கே எடுத்து வந்துவிடுங்கள். அங்கே குப்பைத்தொட்டியில் போடுவது குரங்குக்குப் பந்தி வைப்பது.

திரும்பும்போது மணி நான்கைத் தாண்டியிருந்தால் நாகலாபுரத்தில் நடை திறந்திருக்கும். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாவின் பெயரில் அமைத்த ஊர். வேதநாராயணர் இங்கே மச்ச அவதாரத்தில் நிற்கிறார், இடுப்புக்குக் கீழே மீனாக. சோமகாசுரன் கவர்ந்துபோன வேதங்களைக் கடலுக்குள் போய் மீட்ட கோலம். கடல்புரத்திலிருந்து வந்த எங்கள் பெரியம்மா அந்த மூர்த்தியின்முன் நின்ற நேரம் கொஞ்சமில்லை. அடுத்து சுருட்டப்பள்ளி. ஆலகால விஷத்தை உண்ட களைப்பில் அம்மன் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் சிவன். லிங்கமாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு முழு உருவில் படுத்த சிவனைப் பார்ப்பது தனி அனுபவம். பிரதோஷ நாளில், அதுவும் சனிப் பிரதோஷத்தில், அங்கே நிற்க இடமிருக்காது. நிம்மதியாகப் பார்க்க வேண்டுமானால் பஞ்சாங்கம் பார்த்து அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். அத்தை இதற்கும் முறைப்பார்.

ஆடி தொடங்கிப் பல வாரங்களுக்கு ஞாயிறுகளில் பெரியபாளையம் வழியே போகாதீர்கள். வேப்பிலை ஆடை கட்டிய கூட்டமும் வண்டிகளும் சாலையை அடைத்துவிடும். நம் வட சென்னையே அங்கே இருக்கும். தண்ணீருக்கு உகந்த காலம் ஐப்பசி மழை அடங்கிய பிறகு, கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரை. புயல் சின்னம் என்று வானொலியில் கேட்டால் கிளம்பாதீர்கள்; பிச்சாட்டூர் அணை திறந்துவிட்டால் ஆரணியாறு பெருக்கெடுக்கும். பங்குனி வாக்கில் அருவி மெலிந்திருக்கும். ஆனால் மார்ச் மாதத்தில் சில நாட்கள் நாகலாபுரத்தில் சூரிய பூஜை நடக்கும். மேற்கு பார்த்த சன்னதி. மாலை ஆறு மணி சுமாருக்குச் சாயும் வெயில் வாசல்களைத் தாண்டி உள்ளே போய், ஒருநாள் பாதத்திலும் மறுநாள் நாபியிலும் அடுத்த நாள் முகத்திலும் விழும். அதற்குப் போவதானால் மட்டும் என் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்: அருவியிலிருந்து மூன்று மணிக்கே கிளம்பி, ஐந்துக்குள் சன்னதி வரிசையில் நின்றுவிட வேண்டும். குழந்தைகளுக்கு வரிசையில் குடிக்கத் தண்ணீரும் கடிக்க ஏதாவதும் வைத்திருங்கள்; அங்கிருந்து நடுவில் வெளியே வர முடியாது.